ஹவாய் மிஸ்ஸும் பேசாத பிள்ளைகளும்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் முதலில் கேட்பது டப்பா திறக்கிற சத்தம் இல்லை. கணக்கு டீச்சர் தன் தோல் செருப்பைக் கழற்றி பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, அங்கேயிருந்து ரப்பர் செருப்பை இழுத்துப் போடுகிற சத்தம்தான். அவருக்குக் குதிகால் வலி. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டீச்சரிடம் போய் நிற்கக் கூடாது என்று சொன்ன அந்த டாக்டர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ தெரியவில்லை. அந்த ரப்பர் செருப்போடு அவர் நடந்தால் சப் சப் என்று மாடி வரைக்கும் கேட்கும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ஹவாய் மிஸ். அது அவருக்கும் தெரியும்.

எங்களுடையது பெண்கள் பள்ளி. ஒழுங்குக் கமிட்டி என்று ஒன்று உண்டு. பேருக்குத்தான் கமிட்டி, ஆள் அவர் ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு நைஸாக நழுவிவிட்டோம். எந்த வகுப்பில் யார் யாரை அடித்தாலும், யார் பையை யார் மாடியிலிருந்து எறிந்தாலும், "ஹவாய் மிஸ்ஸைக் கூப்பிடு" என்பதுதான் வழக்கம். அவரும் அலுத்துக்கொண்டே எழுந்து போவார்.

நான் அறிவியல் டீச்சர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் கேட்டேன். "ஏன்க்கா, இந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே கழுதைங்க கலைஞ்சு ஓடிடுதுங்க. சத்தம் வராத செருப்பு போட்டுட்டுப் போனா கையும் களவுமா பிடிக்கலாம்ல?"

"பிடிச்சு?"

"பிடிச்சு... தண்டனை குடுக்கலாம்."

"அதுக்கு அப்புறம் அம்மாவைக் கூப்பிடணும், அப்பாவைக் கூப்பிடணும், ரெண்டு பேரும் என் முன்னாடியே சண்டை போடுவாங்க. நான் வர்றது தெரிஞ்சு கலைஞ்சு போனாலே போதும்மா. அன்னிக்கு ஒரு அடி மிச்சம்."

இதுதான் அவருடைய முறை. சத்தத்தை நம்பி வாழ்ந்தவர். அடிதடியிலும் சத்தம் இருக்கும், அழுகையிலும் சத்தம் இருக்கும், தன் செருப்பிலும் சத்தம் இருக்கிறது, ஒன்றை வைத்து ஒன்றைச் சமாளித்துவிடலாம் என்று இருந்தார். வருஷக்கணக்கில் சமாளித்தும் விட்டார்.

வீட்டில் மட்டும் சத்தமே கிடையாது. கீழ் வீட்டில் அவரும் கணவரும், மாடியில் கொழுந்தனார் குடும்பம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற நிழலில் யார் வண்டி நிற்பது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் என்றைக்கோ வாய்த்தகராறு. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் மாடி வீட்டில், தொட்டி மொட்டை மாடியில், வழிகிற தண்ணீர் கொட்டுவது கீழே. ஆகவே தபால்காரி வேலை இவருக்கு. "மோட்டாரை நிறுத்தச் சொல்லு அவன்கிட்ட" என்று கணவர் சொல்வார். கொழுந்தனார் மாடிப்படியில் நின்று காதால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் இவர் போய் ஒருமுறை சொல்ல வேண்டும். அப்போதுதான் தொட்டி நிரம்பி வழிவது நிற்கும்.

"ரெண்டும் அம்பது தாண்டின ஆம்பளைங்க. என் பிள்ளைங்க எவ்வளவோ தேவலை" என்பார். சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவ எழுந்து போவார்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு கும்பல் கிளம்பியது. ஐந்து பெண்கள். அதில் தலைவிக்கு மற்றவர்கள் வைத்த பெயர் மேனேஜர். தானாக ஒரு துரும்பையும் கிள்ளிப் போட மாட்டாள். யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சுவரில் சாய்ந்து நிற்பாள், கண்ணைக் காட்டுவாள், மற்ற நால்வரும் வேலையை முடித்துவிடுவார்கள். கீழ்த்தளக் கழிவறை வாசல்தான் அவர்கள் ஆபீஸ். இடைவேளையில் யார் உள்ளே போகலாம், யார் காத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மணி அடிக்கும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன. இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஹவாய் மிஸ்ஸின் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசல் காலியாகிவிடும் அல்லவா, அவருக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று பாடம் நடக்கும்போதே பாவாடையை நனைத்துக்கொண்டது. வெட்கத்தில் அது பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. வெளியே வரவே மாட்டேன் என்றது. ஹவாய் மிஸ் தரையில் உட்கார்ந்து, குனிந்து, கெஞ்சி, விஷயத்தைப் பாதிதான் வாங்கினார். மீதியைக் கேட்க எட்டாம் வகுப்புக்குப் போனார். வகுப்பே வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரே ஒருத்தி எழுந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மகள். லொடலொட என்று பேசுகிற பெண். என் வகுப்பில் அவளை வாயை மூடச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது. எழுந்தவள் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஐவரின் பெற்றோர்களும் வரவழைக்கப்பட்டார்கள். கழிவறை வாசல் விடுதலை அடைந்தது. அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்தது. மேனேஜர் ஒரு வார்த்தைதான் சொன்னாளாம்: "அவகிட்ட பேசறவ, அவளோடவே போயிடலாம்."

சின்னப் பிள்ளைகள் காய் விடுவது எல்லாரும் பார்த்ததுதான். காலையில் காய், மாலையில் பழம். இது அப்படி இல்லை. அவளுடைய செக்‌ஷன் முழுக்க அவளோடு பேசுவதை நிறுத்தியது. ஆனாலும் அவளுக்கு மூச்சு விட இடம் இருந்தது. பக்கத்து செக்‌ஷன்களில் சிநேகிதிகள் இருந்தார்கள், மதியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவிடுவாள்.

வருஷம் முடிந்து ஒன்பதாம் வகுப்புக்கு செக்‌ஷன் பிரிக்கிற நேரம் வந்தது. பிரிப்பது கணக்கு டீச்சர் வேலை. அவர் ரொம்ப யோசித்துத்தான் செய்தார். ஐந்து பேரை ஐந்து செக்‌ஷனில் போட்டார். ஒருத்தியின் முகத்தை மற்றவள் பார்க்க முடியாதபடி ஒரு செக்‌ஷன் மாடியில், ஒரு செக்‌ஷன் பின்கட்டில். ரேடியோவை மேனேஜர் கண்ணிலேயே படாத செக்‌ஷனில் வைத்தார். தலைமையாசிரியை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவரைப் பாராட்டினார். நானும் கை தட்டினேன். அன்று அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது. "இந்த வருஷமாவது உட்கார்ந்து சாப்பிடலாம்" என்றார்.

எனக்குத்தான் முதலில் தெரிந்தது. லேபில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சோதனை செய்ய வேண்டும். ரேடியோ பக்கத்தில் யாரும் வரவில்லை. நானே ஒருத்தியைப் பிடித்து நிறுத்தினேன். அவள் சோதனையைச் செய்தாள், குழாயை எடுத்துக் கொடுத்தாள், அளவு எழுதினாள். எல்லாம் கையாலேயே. ஒரு வார்த்தை இல்லை. ரேடியோ "இது கொதிச்சிடுச்சா?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டி, அவ கேக்கறா இல்ல? காது அடைச்சுப் போச்சா? பதில் சொல்லு!"

"கொதிச்சிடுச்சு மிஸ்" என்று அவள் எனக்குப் பதில் சொன்னாள்.

அன்று மதியம் லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லேபுக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கிற சந்தில், ரேடியோ தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஐந்து பேரும் ஒரே வகுப்பில் இருந்தவரை அந்த உத்தரவு ஒரு வகுப்போடு நின்றது. இப்போது ஆளுக்கொரு செக்‌ஷன். போன இடத்தில் எல்லாம் ஒவ்வொருத்தியும் ஒரு மேனேஜர் ஆகிவிட்டாள். தன் பலத்தைக் காட்ட ஒவ்வொருத்திக்கும் கையில் தயாராக இருந்தது ஒரே உத்தரவு: ரேடியோவோடு பேசாதே. அவளை முன்பின் பார்த்திராத பிள்ளைகள்கூட அவளைப் பார்த்தால் ஒதுங்கின. மதியம் ஓடிப் போக ஒரு செக்‌ஷன்கூட மிச்சம் இல்லை.

ஹவாய் மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு ரூம்ல இருந்த வியாதியை நானே எடுத்துட்டுப் போய் அஞ்சு ரூம்லயும் வெச்சிருக்கேன்" என்றார்.

"எல்லாத்தையும் வெயில்ல நிக்க வைங்கக்கா. நாலு நாள் நின்னா தானா பேசும்."

"எதுக்குன்னு நிக்க வைக்கறது? பேசாம இருந்ததுக்கா? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நாமதானே பேசாத, பேசாதன்னு கத்திக்கிட்டு இருக்கோம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் பின்னால் போய் ரேடியோவோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சப் சப் என்று அந்தச் செருப்புச் சத்தம் தினமும் என் ஜன்னலைத் தாண்டிப் போகும். ரேடியோ மரியாதைக்கு எழுந்து நிற்பாள், உட்கார்வாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். முன்பு ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொன்ன பெண்.

அவளுடைய அப்பா வந்தார். கையில் கிரீஸ் கறை, தோளில் டூல் பை, வேலைக்கு நடுவில் ஓடி வந்தவர். நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சர், வீட்லயும் பேச்சு நின்னுபோச்சு. சாப்பிட்டியான்னா தலையாட்டறா. நேத்து கண்ணாடி முன்னாடி நின்னு ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தா. என்னம்மான்னு கேட்டேன். குரல் இருக்கான்னு பார்த்தேன்ப்பாங்கறா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். "டி.சி. குடுத்துடுங்க. என் தங்கச்சி வீட்ல கொண்டு போய் விட்டுடறேன்."

"அங்க பக்கத்துல ஸ்கூல் இருக்கா?"

"இல்ல. அங்க போனா படிப்பு அவ்வளவுதான். தங்கச்சி வீட்ல ரெண்டு கைக்குழந்தை, இவளை அதுங்களைப் பார்த்துக்கச் சொல்லிடுவாங்க. தெரிஞ்சுதான் சொல்றேன். பிள்ளை பேசினாப் போதும் டீச்சர்."

"அரைப்பரீட்சை வரைக்கும் டைம் குடுங்க" என்றார் ஹவாய் மிஸ்.

அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அரைப்பரீட்சை தூரத்தில் இல்லை.

பரீட்சைக்கு முன்பே ஹவாய் மிஸ் தலைமையாசிரியை அறைக்குப் போனார். ஐந்து பெண்களையும் திரும்ப, ரேடியோ இல்லாத ஒரே செக்‌ஷனில் போட வேண்டும், அந்த செக்‌ஷனுக்குத் தானே வகுப்பாசிரியையாக இருக்கிறேன் என்றார். தலைமையாசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்கதானே பிரிச்சீங்க? வருஷ நடுவுல மாத்தினா பேரன்ட்ஸ் என்ன கேப்பாங்க? நான் என்ன பதில் சொல்றது?"

"கணக்கு டீச்சர் தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

இதற்கு நடுவில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணினோம். ஐந்து பிசாசுகளையும் மறுபடி ஒரே கூண்டில் அடைப்பதா என்று அதிகம் கத்தியது நான்தான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேற ஒண்ணும் தோணலை" என்றார்.

தலைமையாசிரியை அரை மனசோடு ஒத்துக்கொண்டார், பெஞ்சு மாறியது. முதல் வாரம் பழைய கதைதான், ஐந்தும் ஒட்டிக்கொண்டு திரிந்தன. பிறகு உரசல் ஆரம்பித்தது. பாதி வருஷம் தனித்தனியாக ராஜ்யம் நடத்திப் பழகியவர்கள். இப்போது சுவரில் சாய்ந்து நிற்க ஐந்து பேருக்கும் ஆசை, ஓடிப் போய் வேலை செய்ய ஒருத்திக்கும் மனசில்லை. அவர்கள் விட்டுவந்த செக்‌ஷன்களில் உத்தரவு போட ஆளில்லை. உத்தரவு யாருடையது என்றுகூடப் பல பிள்ளைகளுக்கு மறந்துவிட்டது. அரைப்பரீட்சை அன்று ரேடியோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அவள் முதுகைத் தட்டி, "ரப்பர் இருக்கா?" என்றாள்.

நான்தான் அங்கே மேற்பார்வை. பரீட்சையில் பேசுவது குற்றம். நான் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் ரேடியோவின் பதில் கேட்கும் என்று காத்திருந்தேன். பிறகு கரகரத்த குரலில், "இருக்கு. ஆனா பாதிதான் இருக்கு" என்று கேட்டது. என் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவளுடைய அப்பா டி.சி. கேட்டு வரவில்லை. ஒரு மாதத்தில் நான் மறுபடி அவளை வாயை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஹவாய் மிஸ் வகுப்பில் நான்கு பேர் ஒன்றாகி மேனேஜரை ஒதுக்கிவிட்டார்கள். அவள் கண்டுபிடித்த அதே வித்தைதான். யாரும் அவளோடு பேசக் கூடாது. இந்த முறை எல்லா செக்‌ஷனும் சந்தோஷமாகவே ஒத்துழைத்தது. மதியத்தில் அவள் பெரிய மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். முதுகு மட்டும் வளையாது.

"நல்லா வேணும்" என்றேன் நான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஹவாய் மிஸ் என்னைத் திட்டவில்லை. ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார், டப்பாவை எடுத்துக்கொண்டார், சப் சப் என்று போய் மேனேஜருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அந்தக் குதிகாலோடு படியில் உட்கார்ந்து எழுவது அவருக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தினமும் போனார்.

"ரேடியோவையே மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லலாமே அக்கா? அவ பேசினா மத்ததுங்களும் பேசும்" என்றேன்.

"அவளே இப்பதான் கரையேறி நிக்கறா. மறுபடி அவளையா தண்ணில இறக்கறது?" என்றார். அன்று மிகவும் சோர்ந்திருந்தார். வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீராம். காலையில் அவர்தான் துடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் மதியம், அவர் குனிந்து செருப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்டாஃப் ரூம் வாசலில் ரேடியோ வந்து நின்றாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மிஸ், மேனேஜர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீயே போய்ச் சொல்லேன்ம்மா."

"இல்ல மிஸ். நான் பேசலை. எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "படியில உட்கார வேணாம்னு சொல்லுங்க. அங்க எல்லாரும் தாண்டிப் போவாங்க. ஒவ்வொருத்தர் வரும்போதும் பேசுவாங்களோன்னு நிமிர்ந்து பார்க்கத் தோணும். லேப் பின்னாடி போகச் சொல்லுங்க. அங்க யாரும் வர மாட்டாங்க, எதிர்பார்க்கத் தோணாது. மணி அடிச்சதும் உடனே எழுந்துக்கக் கூடாது, கூட்டம் போனப்புறம் போனா யாரும் இடிக்க மாட்டாங்க."

ஹவாய் மிஸ் ஒரு காலில் தோல் செருப்பும் ஒரு காலில் ரப்பர் செருப்புமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்... நீங்க கோவிச்சுக்கலைன்னா இன்னொண்ணு மிஸ். நீங்க கூட வந்து உட்காராதீங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா மிஸ் மட்டும்தான் நம்மகூட இருக்காங்கன்னு தெரியறப்ப ரொம்ப அழுகையா வரும்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவளுடைய சிநேகிதிகள் கீழே அவள் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹவாய் மிஸ் இரண்டு செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு, டப்பா இல்லாமல் வெளியே போனார். போன சத்தமே கேட்கவில்லை. நான் லேபுக்குப் போய் ஜன்னலோரம் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தாள். ஹவாய் மிஸ் கொஞ்சம் தள்ளி சுவரோரம் நின்றுவிட்டார். அவள் உடைந்த பெஞ்சில் உட்காரப் போனவள் நின்று திரும்பி, "இங்க உட்காரச் சொன்னது யாரு மிஸ்?" என்று கேட்டாள்.

மேனேஜர் அந்த பெஞ்சையே பார்த்தாள். வருஷ ஆரம்பத்திலிருந்து அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதன் ஒரு முனையில் மட்டும் தூசி மெலிதாக இருந்தது. அவள் அந்த இடத்தில் உட்காராமல், பக்கத்தில் தூசியைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.